தெலுங்குப் பக்கம் திரும்பியிருந்த பலகை

இன்று காலை ஆறரைக்கு எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு ரோஜாப்பூ வந்தது. ரோஜாவுக்குப் பின்னால் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. சூரியனுக்குள் ஒரு கண் மூடியிருந்தது. கண்ணுக்குக் கீழே தங்க நிறத்தில் ஒரு வரி: "பார்வை என்பது கண்ணில் இல்லை, எண்ணத்தில் இருக்கிறது." அதற்கும் கீழே பொடி எழுத்தில் 'கிரேக்கத் தத்துவ மேதை' என்று போட்டிருந்தது. அனுப்பியவள் என் அக்கா மகள் ஷீபா. ஆவடியில் இருக்கிறாள். நான் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் பதினோரு பேர் கும்பிட்டிருந்தார்கள். ஒரு சித்தப்பா மட்டும் பிறந்தநாள் கேக் அனுப்பியிருந்தார். அவர் எல்லாவற்றுக்கும் கேக்தான் அனுப்புவார், சாவுச் செய்திக்கு மட்டும் கொஞ்சம் யோசிப்பார்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்தக் கிரேக்கத் தத்துவ மேதையை எனக்கு நன்றாகத் தெரியும். எட்டு முழ வேட்டி கட்டுவார். மூக்குப்பொடி போடுவார். திருத்தணியில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். பெயர் தணிகாசலம். என் இருபத்திரண்டாவது வயதில் அவரிடம்தான் முதல்முதலாக வேலைக்குச் சேர்ந்தேன். கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய மகனும் ஏதாவது ஒரு குழுவில் இருப்பார், ரோஜாவோடு கிளம்பி வந்துவிடுவார்.

கடை ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். வாசல் பக்கம் ஃபிரேம்கள் வைத்த அலமாரி, அதை ஒட்டி ஒரு நாற்காலி, எதிர்க்கோடிச் சுவரில் கண் சோதிக்கிற பலகை. செவ்வாயும் வெள்ளியும் அரக்கோணத்திலிருந்து ஒரு டாக்டர் வருவார். மற்ற நாட்களில் நான்தான் எல்லாம். வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணைக் கையால் மூடச்சொல்லி, எத்தனையாவது வரி வரைக்கும் படிக்கிறார் என்று ஒரு தாளில் எழுதிவைப்பேன். டாக்டர் வந்து அந்தத் தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஆளையும் பார்ப்பார் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அவருக்கு நாலு மணி ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது.

இப்போதும் எங்கேயாவது சந்தன வாசம் அடித்தால் எனக்குச் சாமி நினைவு வருவதில்லை, வியாபாரம்தான் நினைவுக்கு வரும். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஆனாலும் திருத்தணியில் பிழைக்கிற எல்லோருக்கும் படியளப்பவர் மலைமேல் இருக்கிறவர்தான். மேலே மொட்டை போட்டுக்கொள்கிறவர்கள் கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைப்பார்கள். முடி இறங்கிய சந்தோஷத்தில் அதை மறந்துவிட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு கீழே இறங்கிவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸின் போர்டைப் படிக்க முடியாதபோதுதான் ஞாபகம் வரும். நேராக எங்கள் கடைக்கு வருவார்கள். வழவழவென்று இருக்கிற சந்தன மண்டையில் புதுக் கண்ணாடி நிற்காமல் வழுக்கிக்கொண்டு வரும், நான் காதுப் பக்கத்துக் கம்பியைச் சூடு காட்டி வளைத்துக் கொடுப்பேன். பாதிப் பேர் நகரி, புத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். அதனால்தான் எங்கள் பலகைக்கு இரண்டு முகம். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு. ஆணியில் மாட்டியிருக்கும், ஆளைப் பார்த்துத் திருப்பிப் போடுவேன்.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. உலகத்தில் மற்ற கண்ணாடிக் கடைகளில் எல்லாம் சம்பந்தமில்லாத எழுத்துகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள். நான் சேர்ந்தபோது எங்கள் கடையிலும் அப்படி ஒன்று இருந்தது. ட, ப, ர, ம என்று அதுபாட்டுக்கு இறங்கிக்கொண்டே போகும். தணிகாசலம் சாருக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"அர்த்தமே இல்லாத ஒண்ண மனுஷன் எதுக்கும்மா படிக்கணும்?" என்று கேட்டார். "கண்ணைச் சோதிக்கிற நேரத்துல கருத்தும் உள்ள போவட்டுமே."

அவருக்குப் பொன்மொழிப் பைத்தியம். அதிலும் மனம், உள்ளொளி, அகக்கண் என்றால் உயிர். கனகம்மாசத்திரத்தில் புதுமனை புகுவிழா என்றாலும் கே.ஜி.கண்டிகையில் காதுகுத்து என்றாலும் மைக் கிடைத்தால் அகக்கண்ணைத் திறந்துவிடுவார். அது மூடப் பிரியாணி வரவேண்டும். தன் ஐம்பதாவது பிறந்தநாளில் 'பொன்மொழிப் புலவர்' என்று தனக்குத் தானே பட்டம் கொடுத்துக்கொண்டார். சால்வையும் கடைக் காசில்தான் வாங்கியது, நான்தான் மடித்துக் கொடுத்தேன். அவர் சொல்கிற பொன்மொழி எல்லாம் அவரே உட்கார்ந்து எழுதியவை. ஆனால் ஒரு நாளும் தன் பேரில் சொல்லமாட்டார். கிரேக்க மேதை சொன்னார், சீன ஞானி சொன்னார், பாரசீகக் கவிஞர் பாடினார் என்பார்.

ஒருமுறை நான் கேட்டே விட்டேன். "உள்ளூர்க்காரன் சொன்னா எவன்மா கேப்பான்? கிரேக்கன் சொன்னா எவன்மா மறுப்பான்?" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

ஆகவே ஒரு ஆர்ட்டிஸ்டை வரவழைத்தார். கடையெல்லாம் எனாமல் பெயிண்ட் வாசம். மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மேலே பெரிய எழுத்தில் 'மனம்' என்று ஒரே ஒரு சொல். அடுத்து 'மனமே விழி.' அதற்கடுத்து 'உள்ளே பார்த்தவன் ஊரையே பார்த்தான்.' பிறகு கொஞ்சம் சின்னதாக, 'புறக்கண் காண்பது சுவரை. அகக்கண் காண்பது சுவருக்கு அப்பால்.' அப்புறம்தான் இன்றைக்கு ரோஜாவோடு வந்த வரி, பார்வை என்பது கண்ணில் இல்லை. கண்ணாடி விற்கிற கடையில், கண்ணைச் சோதிக்கிற பலகையில், பார்வை கண்ணில் இல்லை என்று எழுதிவைத்த முதலாளியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் கீழே, யார் கண்ணுக்கும் எட்டாத பொடி எழுத்தில் 'உபயம்: பொன்மொழிப் புலவர் தணிகாசலம்.' அந்தக் கடைசி வரியைப் படித்தவர்களுக்குத்தான் பார்வை முழுசாக இருக்கிறது என்று கணக்கு.

தெலுங்குப் பக்கத்தை நகரியிலிருந்து வரும் ஒரு மிளகாய் வியாபாரி மொழிபெயர்த்துக் கொடுத்தார். அதைப் படிக்கிற ஆந்திராக்காரர்கள் நாலாவது வரியில் சிரிப்பார்கள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, பார்வை நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டோம்.

ஊரில் அந்த வரிகள் பரவிய வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் வெயிலுக்கு எங்கள் கடைக்குள் ஒதுங்குவார்கள், சும்மா இருக்கிற கண் பலகையைப் படிக்கும். ஷேர் ஆட்டோவின் முதுகில் 'மனமே விழி' என்று எழுதினார்கள். அதே ஆட்டோதான் மார்க்கெட்டில் நின்றிருந்த தள்ளுவண்டியை முட்டியது. சலூனில் 'உள்ளே பார்த்தவன்' வந்தது. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பிள்ளைகள் கைகட்டி நின்று ஒப்பித்தார்கள், தலைமையாசிரியர் கிரேக்க இலக்கியத்தின் ஆழத்தைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். தணிகாசலம் சார் முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

ஒப்பிப்பது என்றதும் எனக்கு எவர்சில்வர் டம்ளர்தான் ஞாபகம் வருகிறது. என் அக்கா வீட்டுச் சமையலறையில் வரிசையாகப் பதினாலு டம்ளர்கள் இருந்தன, ஒவ்வொன்றிலும் 'மனப்பாடப் போட்டி, முதல் பரிசு' என்று வெட்டியிருக்கும். எல்லாம் அக்கா வீட்டுக்காரர் சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் வாங்கியவை. பெயர் தேவராஜ். எங்கள் பக்கத்தில் தெலுங்கு ஒட்டுதல் ஜாஸ்தி, அக்கா புருஷனைப் பாவா என்றுதான் கூப்பிடுவோம். பாவாவுக்கு ஒரு விஷயம் இரண்டு தடவை காதில் விழுந்தால் போதும், அப்படியே பிடித்துக்கொள்வார். அந்தத் திறமையை வைத்துக்கொண்டு அவர் வக்கீலாகவோ பாஸ்டராகவோ ஆகியிருக்கலாம் என்று அக்காவின் மாமியார் சொல்வார். அவர் வேன் டிரைவர் ஆனார். ஸ்டேஷனிலிருந்து மலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டு இறக்கிக்கொண்டு வருகிற வேன். சொந்தமில்லை, ஒரு முதலாளிக்கு ஓட்டினார். எங்கள் கடைக்கு எதிர்ப்பக்கம்தான் அவருடைய ஸ்டாண்டு. சவாரி இல்லாதபோது கடைக்கு வந்து உட்கார்ந்து தணிகாசலம் சாரின் வரிகளைச் சொல்லி அவரைக் குஷிப்படுத்துவார்.

அந்த வருஷம் ஐப்பசியில் லைசென்ஸைப் புதுப்பிக்கக் கண் சர்டிபிகேட் வேண்டும் என்று வேன் முதலாளி சொல்லிவிட்டார். பாவாவுக்கு வயது நாற்பத்தாறு, சர்க்கரை வேறு இருந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் அக்கா என்னைத் தனியாக அழைத்து, "ஏய், உங்க பாவா சட்னியில கைய வுடுறாரு, தட்டு எங்க கீதுன்னு தடவினுகீறாரு. கேட்டா லைட்டு சரியில்லன்றாரு" என்று சொல்லியிருந்தாள். ஷீபாவுக்கு அப்போது ஆறு வயது. வேன் போய்விட்டால் வீட்டுக்கு வேறு வழி கிடையாது என்று அக்கா சொல்லவில்லை. சொல்லாமலேயே எனக்குத் தெரியும்.

புதன்கிழமை என்று நினைக்கிறேன், பகல் பதினோரு மணி இருக்கும். மொட்டை அடித்த ஒரு நகரிக் குடும்பம் அப்போதுதான் எழுந்து போயிருந்தது. தணிகாசலம் சார் திருவாலங்காட்டுக்குப் போயிருந்தார், அங்கே சர்க்கரை ஆலைக்காரர் வீட்டில் யாருக்கோ அறுபதாம் கல்யாணம், அகக்கண் திறக்க வேண்டியிருந்தது. பாவா வந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார், ஏதோ பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி.

"ஏம்மா, ஆரம்பிக்கலாமா?"

"உக்காருங்க பாவா. மொதல்ல வலது கண்ண மூடுங்க."

மூடினார். நான் தாளை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் போய் நின்றேன். பாவா நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"மனம். மனமே விழி. உள்ளே பார்த்தவன் ஊரையே பார்த்தான். புறக்கண் காண்பது சுவரை. அகக்கண் காண்பது சுவருக்கு அப்பால்."

தங்கு தடை இல்லை. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினார், எங்கே குரலை இறக்க வேண்டுமோ அங்கே இறக்கினார். டம்ளர் வாங்கிய ஆளாயிற்றே என்று நினைத்துக்கொண்டே, எந்த வரியில் இருக்கிறார் என்று பார்க்கத் திரும்பினேன். பலகை தெலுங்குப் பக்கம் இருந்தது.

நகரிக் குடும்பத்துக்காகத் திருப்பியவள் மறுபடி திருப்ப மறந்துவிட்டேன். பாவாவுக்குத் தெலுங்கு சரளமாகப் பேச வரும், ஒரு எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாது. அவர் தெலுங்கு எழுத்துகளை நேராகப் பார்த்துக்கொண்டு, "பார்வை என்பது கண்ணில் இல்லை, எண்ணத்தில் இருக்கிறது" என்று கணீரென்று படித்தார். அதோடு விட்டாரா, கடைசியில் "உபயம், பொன்மொழிப் புலவர் தணிகாசலம்" வரைக்கும் சொல்லி முடித்தார். தெலுங்குப் பக்கத்தில் உபயமே கிடையாது. மிளகாய் வியாபாரி அதை மொழிபெயர்க்கவில்லை.

அடுத்து இடது கண்ணை மூடிக்கொண்டு அதையே திரும்பவும் சொன்னார்.

முடித்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நானும் பேசாமல் நின்றேன். அவர் முகம் என் பக்கம்தான் இருந்தது, கண் மட்டும் எனக்குக் கொஞ்சம் தள்ளி வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. ரொம்ப நேரம் மாதிரி இருந்தது. எனக்கு அக்காவும் ஷீபாவும் பதினாலு டம்ளர்களும் கண்முன் வந்தன. மலையேறுகிற வேனில் உட்கார்ந்திருக்கிற யார் முகமும் வரவில்லை. அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

'இரு கண்ணும் கடைசி வரி வரை' என்று தாளில் எழுதினேன்.

"ஆயிடுச்சாம்மா?" என்றார் பாவா.

"ஆங், ஆயிடுச்சு பாவா."

அவர் எழுந்தார். போகும்போது வாசல்படியைக் காலால் தேடி இறங்கினார். வெள்ளிக்கிழமை டாக்டர் கையெழுத்துப் போட்டார், நாலு மணி ரயிலையும் பிடித்தார்.

மனசு கேட்கவில்லை. மறுநாள் தணிகாசலம் சாரிடம், பேர் சொல்லாமல், சுற்றி வளைத்துப் பேசிப்பார்த்தேன். "சார், நம்ம பலகை ஊருக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. கண்ணு தெரியாதவங்ககூட ஒப்பிச்சிட்டுப் போறாங்க. அந்தப் பழைய எழுத்துப் பலகையையே மாட்டிடலாமா?"

அவர் மூக்குப்பொடி டப்பாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பொடியா, உணர்ச்சியா என்று தெரியவில்லை.

"மனப்பாடம் ஆயிடுச்சா?" என்றார். "அதாம்மா இலக்கியம்."

அந்த வாரமே சோளிங்கரில் ஒரு கூட்டத்தில், தன் கடைக்குப் பார்வையற்றவர்கள் வந்து அகக்கண்ணாலேயே பலகையைப் படித்துவிட்டுப் போவதாகப் பேசியிருக்கிறார். நல்ல கைதட்டலாம்.

பாவா பத்து மாசம் வேன் ஓட்டினார். எப்படி ஓட்டினார் என்று நீங்கள் கேட்கலாம். நானே ஒருநாள் பார்த்தேன். ஆடிக் கிருத்திகைக்கு நாலைந்து நாள் முன்னால், மலைமேல் ஒருவருக்குக் கண்ணாடி கொடுக்க வேண்டியிருந்தது. காலை எட்டு மணிக்குப் பாவா வேனில் முன்சீட்டில் ஏறினேன். பின்னால் ஒரு குடும்பம், மடியில் மொட்டைக்குப் போகிற கைக்குழந்தை. அடிவாரம் தாண்டியதும் பாவாவின் உதடு அசைந்துகொண்டே இருப்பதைக் கவனித்தேன். ஜெபம் பண்ணுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டால், "வேப்பமரம். லெஃப்ட்ல வளைவு. கைப்பிடிச் சுவரு. மேடு. ரெண்டாவது வளைவு" என்று சொல்லிக்கொண்டே வண்டியைத் திருப்புகிறார். அந்த மலைப்பாதை முழுவதையும் அவர் மனப்பாடம் செய்திருந்தார். ஒரு வளைவில்கூடச் சக்கரம் பிசகவில்லை. அவருடைய பதினைந்தாவது டம்ளரை அதற்குக் கொடுத்திருக்கலாம்.

மூன்றாவது வளைவில் யாரோ முந்தின நாள் சாயங்காலம் கிருத்திகைக்காக ஒரு தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். நாலு சவுக்குக் கழி, மேலே கீற்று, உள்ளே மோர்ப் பானை. பாதையோரத்தைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது. நல்ல பகல் வெளிச்சம். நான், "பாவா, பந்தலு" என்று கத்தினேன். அவர் பிரேக்கை மிதித்தபோது கழி ஒன்று முறிந்து கீற்றெல்லாம் கண்ணாடிமேல் சரிந்தது. பானை உருண்டு மோர் சாலையில் ஓடியது. மோர் ஊற்றிக்கொண்டிருந்த ஆள் கையில் டம்ளரோடு அப்படியே நின்றார். வண்டிக்கும் அவருக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். பின்னால் குழந்தை அழுதது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 

பாவா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நேத்து இது இல்லியே" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத் தானே சொன்னார். "நேத்து இல்லியேம்மா."

அதற்குப் பிறகு அவர் சாவியைத் தொடவில்லை. வேறொரு டிரைவர் வந்து வண்டியை இறக்கினார்.

சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்தால் தெரியும் என்றார்கள், செய்தார்கள், தெரிந்தது. இடது கண்ணில் புரைக்குப் பின்னால் கண் அழுத்த நோயும் இருந்திருக்கிறது. அங்கே இருந்த டாக்டரம்மா எந்த ரயிலையும் பிடிக்க வேண்டியதில்லை போல, நிதானமாகச் சொன்னார். "இது போனா போனதுதாங்க, திரும்ப வராது. ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா இந்தக் கண்ணயும் கொஞ்சமாவது காப்பாத்தியிருக்கலாம். குடும்பத்துல மத்தவங்களும் பெரியவங்களானதும் காட்டிக்கணும், இது ரத்தத்துல வர்றது." அக்கா அழுதாள். நான் மருந்துச் சீட்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் கடைக்குப் போனதும் பொன்மொழிப் பலகையைக் கழற்றிவிட்டு, மேஜைக்கு அடியில் கிடந்த ட, ப, ர, ம-வைத் துடைத்து மாட்டினேன். தணிகாசலம் சார் வந்து பார்த்தார்.

"யாரக் கேட்டும்மா எறக்கின?"

"யாரையும் கேக்கல சார்."

அன்றைக்கு என் முகத்தில் என்ன இருந்ததோ, அவர் மேற்கொண்டு பேசவில்லை. பலகையை எடுத்துப்போய்க் கடைவாசலில், வெயிலும் மழையும் படுகிற இடத்தில் மாட்டிக்கொண்டார். அதுவும் நல்லதாகப் போயிற்று, இன்னும் நிறையப் பேர் படித்தார்கள். சம்பந்தமில்லாத எழுத்துகளுக்கு ஒரு குணம் உண்டு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதில் மனசைத் தொடுவதற்கு ஒன்றும் இல்லை. கண் தெரிந்தால் படிக்கலாம், தெரியாவிட்டால் படிக்க முடியாது.

பாவாவுக்கு அடிவாரத்தில் செருப்புப் பாதுகாக்கிற இடத்தில் வேலை கிடைத்தது. ஒற்றைக் கண்ணும் மனப்பாடமும் அதற்குத் தாராளமாகப் போதும். டோக்கன் தொலைத்தவர்களின் செருப்பைக்கூட ஆளின் குரலை வைத்தே எடுத்துக் கொடுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் சர்ச்சுக்குப் போக லீவு. கிறிஸ்தவன் முருகன் கோயில் செருப்பைக் காவல் காக்கிறானே என்று ஒரு சபைப் பெரியவர் கேட்டதற்கு, "கால் எல்லாம் ஒண்ணுதாங்கய்யா" என்றாராம். அதையும் யாராவது சீன ஞானி பேரில் அனுப்பிக்கொண்டிருக்கலாம்.

எனக்குக் கல்யாணம் ஆகி, ஊரைவிட்டுப் போய், இரண்டு பிள்ளைகள் பிறந்து, ஒரு லீவில் திருத்தணிக்கு வந்திருந்தபோது அவரைப் பார்க்கப் போனேன். மத்தியானம், கூட்டம் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நானே கெடு வைத்துக்கொண்டேன். பாதி டம்ளரில் சொன்னேன்.

"பாவா, அன்னைக்கு நீங்க பலகை படிச்சீங்களே. அது தெலுங்குப் பக்கம் இருந்துச்சு."

பாவா முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு சிரித்தார். டீ சிந்துகிற அளவுக்குச் சிரித்தார்.

"தெலுங்கா? எனக்குத் தெலுங்கா தமிழான்னே தெரிலம்மா. செவுத்துல கருப்பா ஏதோ இருந்துச்சு, அவ்ளோதான்."

"எனக்குத் தெரிஞ்சிதான் பாவா அப்படி எழுதினேன்."

சிரிப்பு நின்றது. யாரோ செருப்பை விட வந்தார்கள், வாங்கி வைத்து டோக்கன் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தெரியும்மா" என்றார். "சொல்லி முடிச்சேன் பாரு, நீ மூச்சே வுடல. அப்பவே புரிஞ்சிகினேன், கண்டுபுடிச்சிட்டான்னு. சரி, இவ சொல்லிடுவா, இல்ல பாவா உங்களுக்கு தெரிலன்னு சொல்லிடுவான்னுதான் காத்துகினு இருந்தேன். என் வாயால சொல்ல எனக்கு தகிரியம் இல்ல. உங்கக்கா மூஞ்சப் பாத்து எப்படிச் சொல்றது? நீ சொன்னா ஆயிடுச்சில்ல."

மீதி டீயை ஒரே மடக்கில் குடித்தேன்.

"வுடு. நீயும் சின்னப் பொண்ணு" என்று சொல்லி என் டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தார்.

பாவா போய் மூன்று வருஷம் ஆகிறது. தணிகாசலம் சார் அதற்கும் முன்னால் போய்விட்டார், போகும் வரை கண்ணாடி இல்லாமலேயே பேப்பர் படித்தார் என்று மகன் பெருமையாகச் சொன்னார். கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். வாசலில் மாட்டிய பலகை என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, தெலுங்குப் பக்கத்திலிருந்து கரையான் பிடித்ததால் எறிந்துவிட்டோம் என்றார்கள். அந்த நாற்காலியை யாரோ பழைய சாமான்காரர் கொண்டுபோனாராம். பலகை போனாலும் வரிகள் போகவில்லை. ரோஜாவிலும் சூரியனிலும் ஏறிக்கொண்டு உலகத்தைச் சுற்றி வருகின்றன, கிரேக்கத்துக்கே போய்ச் சேர்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

போன மாசம் நானும் கண்ணைக் காட்டிக்கொண்டு வந்தேன். ஒரு மெஷினில் முகவாயை வைக்கச் சொன்னார்கள். உள்ளே ஒரு நீளமான சாலை, அதன் கோடியில் ஒரு குட்டி வீடு. நான் பார்த்தால் போதும், மெஷினே அளந்து ஒரு சீட்டைக் கக்கியது. பக்கத்தில் நின்ற பெண் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய அவசியம் இல்லை. அது நல்லதுதான், சந்தேகமே இல்லாமல் நல்லதுதான். மெஷினுக்கு அக்கா கிடையாது.

ஷீபாவுக்கு இந்தக் கார்த்திகையில் நாற்பது முடிகிறது. பாவாவுக்கு ஆரம்பித்திருக்கக்கூடிய வயது. ரோஜாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பதினோரு கும்பிடுக்கும் ஒரு கேக்குக்கும் கீழே, எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதினேன். "ஷீபா, இது கிரேக்கன் சொன்னதில்லம்மா, நம்ம ஊர் கண்ணாடிக் கடைக்காரர் சொன்னது. தப்பாச் சொல்லிட்டாரு. பார்வை கண்ணுலதான் இருக்கு. உங்கப்பாவுக்கு ஒண்ணு போனதுக்கு நானும் ஒரு காரணம், நேர்ல வந்து சொல்றேன். நீ மொதல்ல இந்த வாரமே போய்க் கண்ணக் காட்டு."

அனுப்பியதும் குழு அமைதியாகிவிட்டது. சித்தப்பாகூடக் கேக் அனுப்பவில்லை. இரண்டு நீலக் கோடுகள் வந்துவிட்டன, அவள் படித்துவிட்டாள் என்று தெரிகிறது. பதில் இன்னும் வரவில்லை. ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்று அன்றைக்குப் பாவா அந்த நாற்காலியில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தாரே, அது எவ்வளவு நீளமான நேரம் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.